ஒளிர்படிகமும் இருட்பொருளும்

வானத்தை அண்ணாந்து நோக்குவார்க்கு ஆங்கே விளங்குவன விண்மீன்களும் கோள்களும் பால்வீதியின் வெண்படலமுமே. ஒளி தருவனவற்றையெல்லாம் எண்ணிக் கூட்டிவிட்டால் உலகிலுள்ள பொருள் முழுவதும் கணக்கில் அடங்கிவிடும் என அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதை 1933-ஆம் ஆண்டில் பிரிட்ஸ் ஸ்விக்கி என்னும் வானநூற் புலவர் காட்டினார். கோமா என்று பெயர்பெற்ற கூட்டத்தில், விண்மீன் திரள்களாகிய அண்டங்கள் பல ஒருங்கே திரிகின்றன. அவற்றின் விரைவை அவர் ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்பு ஒன்றே ஆங்கு உளதாயின், அத்துணை விரைவாற் கூட்டம் என்றோ சிதறிப்போயிருத்தல் வேண்டும். சிதறவில்லை, ஆதலின் புலனாகாப் பொருளும் ஆங்கு மிக்கிருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. பின்னர், 1970-ஆம் ஆண்டில் வீரா ரூபின் அம்மையாரும் கென்ட் போர்டு என்பாரும் ஆண்டிரோமீடா அண்டத்தை ஆராய்ந்து, அதன் புறவெல்லையில் உள்ளனவும் விரைவு குன்றாமற் சுழல்வதைக் கண்டனர். இவையும் இவைபோல்வன பிறவும் கூடி, நாம் அறிந்த பொருளினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிக்கதொரு பொருள் உலகில் நிறைந்துள்ளது என்னும் முடிபை நிலைநாட்டின. அதனையே இருட்பொருள் என்பர்.

அஃது எதனால் ஆயது என்பதை எவரும் இன்னும் அறிந்திலர். அது புதுவகைத் துகள்களால் ஆயதாகலாம் என்பது பலர் கொள்கை. ஒளியை உமிழ்தலும் விழுங்குதலும் இன்றி, ஏனைப் பொருள்களை ஊடுருவிச் செல்லும் அத்துகள்கள் நம் அறையிலும் உடம்பிலும் இப்பொழுதே புகுந்து போகின்றனவாதல் வேண்டும். ஒரு துகள் நூறு புரோட்டான் நிறையுடையதாயின், ஒரு லிட்டர் கொள்ளும் இடத்தில் ஏறத்தாழ மூன்று துகள்கள் எப்போதும் இருக்குமென்று கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் யாதேனுமொன்று என்றேனும் ஓர் அணுக்கருவோடு மோதினால், அக்கரு சிறிதே உதைபட்டு நகரும். அவ்வுதைப்பைக் காண்பதெங்ஙனம்? அதற்குக் கருவியாய் அமைந்தவற்றுள் ஒன்றே ஒளிர்படிகம். அதன் இயல்பையும், அதிற் றோன்றும் குறிகளைப் பகுத்தறியும் வகையையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

சில படிகங்கள், துகளொன்று தம்முட் புகுந்தவுடன் அது விட்டுச் சென்ற ஆற்றலின் ஒரு கூற்றை ஒளிப்பொறியாக வெளியிடும். 1903-ஆம் ஆண்டில் வில்லியம் குரூக்ஸ் என்பார் நாக சல்பைடு பூசிய திரையை உருப்பெருக்கும் கண்ணாடியின் வழியே நோக்கி, ரேடியம் உமிழும் ஆல்பாத் துகள்கள் விழுந்தோறும் சிறு பொறிகள் தோன்றி மறைவதைக் கண்டார். ரதர்போர்டு என்னும் பெரும் புலவரின் துணைவராகிய கைகர், மார்ஸ்டன் என்னும் இருவரும் இருளறையில் அமர்ந்து அத்தகைய பொறிகளைக் கண்ணால் எண்ணியே அணுக்கருவைக் கண்டறிவதற்கு வழிகோலினர். 1948-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹாப்ஸ்டாட்டர் என்பார் சோடியம் அயோடைடு என்னும் உப்பிற் சிறிது தாலியம் கலந்து வளர்த்த படிகம் மிகுந்த ஒளி தருவதென்று காட்டினார். இக்காலத்தில் அவ்வொளியை எண்ணுவது மனிதர் கண்ணன்று. ஒளியை மின்குறியாக்கிப் பன்மடங்கு பெருக்கும் குழல்களே அத்தொழிலைச் செய்கின்றன.

நிற்க. பொறி தோன்றுவது அரிதன்று. பொறிகள் அளவிறந்தனவாய்த் தோன்றுவதே இவ்வாராய்ச்சிக்கு நேர்ந்த இடர். வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள், பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் உமிழும் காமாக் கதிர்கள், காற்றிற் கலந்த ரேடான் வாயு, படிகத்தினுள்ளேயே ஒளிந்து கிடக்கும் பொட்டாசியம் என்பன ஓயாது பொறிகளை எழுப்புகின்றன. மனித உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் மட்டும் விநாடிதோறும் சில ஆயிரம் அணுக்கள் சிதைகின்றன எனின், இவ்விரைச்சலின் பெருமையை என்னென்பது! ஆகவே ஆராய்ச்சியாளர் மலையடியிலும் சுரங்கத்திலும் புகுந்து, தம் படிகங்களை ஈயத்தாலும் செம்பாலும் சூழ்ந்து காக்கின்றனர். இத்தாலி நாட்டின் கிரான் சாஸோ ஆராய்ச்சிச் சாலைக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் பருமனுள்ள மலை நிற்கின்றது. இத்துணை அரண் செய்தும் பொறிகள் முற்றும் ஒழிவதில்லை. எஞ்சியவற்றுள் எது இருட்பொருளால் எழுந்தது, எது பிறிதொன்றால் எழுந்தது என்று தெளிதல் வேண்டும். பொறி என்னும் வடிவில் எல்லாம் ஒன்றே. அதனை எழுப்பிய பொருளோ பல.

இந்நிலை தமிழிலக்கணம் பயில்வார்க்குப் புதிதன்று. ஒரு சொல்லே பல பொருள் தருமிடத்து, அதன் பொருளை வினையினாலும் இனத்தினாலும் சார்பினாலும் தெளிக என்பது தொல்காப்பியர் விதி. மா என்பது மரத்துக்கும் விலங்குக்கும் பிறவற்றுக்கும் பெயர். மா பூத்தது என்றவழிப் பூத்தல் என்னும் வினையால் மரமென்று அறிகின்றோம். மாவும் பலாவும் என்றவழி உடன்வந்த இனத்தால் அறிகின்றோம். போர்க்கோலம் பூண்டு நிற்பான் ஒருவன் மா கொணர்க என்றவழிச் சார்பினாற் குதிரையென்று அறிகின்றோம். படிகத்திற் றோன்றும் பொறியின் பொருளைத் தெளியவும் ஏறத்தாழ இம்மூன்று வழிகளே உள்ளன.

வினையால் அறிதல்

காமாக் கதிரும் பீட்டாத் துகளும் படிகத்திற் புகுங்கால், அவை அணுவின் புறத்தேயுள்ள எலெக்ட்ரான்களையே பெரிதும் தாக்குகின்றன. இருட்பொருட் டுகளோ அணுக்கருவை உதைக்கும் என்பது எதிர்பார்ப்பு. விரைந்தோடும் எலெக்ட்ரான் தன் ஆற்றலை நெடிய தடத்திற் சிதறவிட்டுச் செல்லும். உதைபட்ட அணுக்கருவோ மிகக் குறுகிய இடத்தில் நெருக்கமாக இறைத்துவிட்டு நிற்கும். அந்நெருக்கத்தால் இரண்டு வேறுபாடுகள் விளைகின்றன. ஆற்றலின் பெரும்பகுதி ஒளியாகாது வெப்பமாய் ஒழிவது ஒன்று. எழுந்த ஒளியும் சற்று விரைந்து மங்குவது மற்றொன்று. தாலியம் கலந்த சோடியம் அயோடைடிற் பொறி மங்குதற்கு ஆகும் காலம், ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஒரு கூற்றின் ஏறத்தாழக் காற்பங்கு. அணுக்கருவின் உதைப்பாயின் இக்காலம் மேலும் சிறிது குறையும். பொறி எழுந்து தேயும் வடிவை நுணுகி அளந்தால் இவ்வினை வேறுபாடு புலனாகும்.

மிக்க ஆற்றலுடைய பொறிகளில் இம்முறை நன்கு பயன்படுகின்றது. படிகத்துள் மறைந்த நச்சு மூலகங்கள் உமிழும் ஆல்பாத் துகள்களை அவற்றின் விரைந்த தேய்வால் இனங்கண்டு, படிகம் எத்துணைத் தூயதென்று மதிப்பிடுகின்றனர். குழல்களின் கண்ணாடியிலேயே எழும் பொய்ப்பொறிகளும் இங்ஙனமே பிடிபடும். அவை தோன்றிய நொடியே மறைவன. உண்மைப் பொறியோ சற்று நின்று தேயும். டாமா குழுவினர் தோற்றத்தினின்றும் 600 நானோ விநாடி வரை வந்த ஒளியைக் கூட்டி, அதில் முதல் 50 நானோ விநாடியில் வந்த பங்கு எத்துணை, 100-க்குப் பின் வந்த பங்கு எத்துணை என்று ஒப்பிட்டு இவற்றைப் பிரிக்கின்றனர். நானோ விநாடியாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு.

ஆயின், இருட்பொருளை எதிர்பார்க்கும் சிற்றாற்றல் எல்லையில் இவ்வழி தளர்கின்றது. காரணம் யாதெனின், ஒளியின் வறுமையே. பத்துக் கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலோடு உதைபட்ட அயோடின் கருவொன்று தரும் ஒளி, அவ்வாற்றலுடைய எலெக்ட்ரான் தரும் ஒளியிற் பத்தில் ஒரு பங்கும் நிரம்பாது. எழுவன நாற்பது ஒளித்துகள்களுக்கு உட்பட்டன; அவற்றிற் குழல்கள் பதிவு செய்வன பத்துப் பதினைந்தே. பத்துப் புள்ளிகளைக் கொண்டு ஒரு வளைவின் வடிவை வரைய வல்லார் யாவர்? ஆதலின் ஒரு பொறியை எடுத்து, இஃது இன்னதென்று சுட்டுதல் இயலாது. ஆயிரக்கணக்கான பொறிகளை ஒருங்கு திரட்டி, அவற்றின் சராசரித் தேய்வு எப்பக்கம் சாய்கின்றது என்று காண்பதே இயலும். தென் கொரியாவின் யாங்யாங் சுரங்கத்தில் கிம்ஸ் என்னும் குழுவினர் சீசியம் அயோடைடுப் படிகங்களில் இம்முறையைக் கையாண்டனர். அப்படிகத்தில் இருவகைத் தேய்வுக்கும் உள்ள வேறுபாடு சோடியம் அயோடைடினும் தெளிவானது. 2007-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிபில் அணுக்கருவின் உதைப்பு என்று கொள்ளத்தக்க மிகுதி யாதும் காணப்படவில்லை.

இவ்வழியில் நேர்ந்த ஏமாற்றமொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியிலுள்ள பூல்பி சுரங்கத்தில், ஏறத்தாழ 1,100 மீட்டர் ஆழத்தில், சோடியம் அயோடைடுப் படிகங்களை வைத்து ஆராய்ந்தவர், 1990-களின் இறுதியில் விரைந்து தேயும் பொறிகள் சிலவற்றைக் கண்டனர். அவை எலெக்ட்ரான்களால் எழுந்தனவல்ல என்பது தெளிவு. உலகம் தேடிய பொருள் கிடைத்துவிட்டதென்று முரசறைய அஃதொரு வாய்ப்பே. ஆயின் அவர்கள் மேலும் நுணுகி நோக்கினர். அப்பொறிகள் அணுக்கருவின் உதைப்புக்கு உரிய அளவினும் விரைந்து தேய்ந்தன. ரேடான் வாயுவின் வழிவந்த மூலகங்கள் படிகத்தின் மேற்பரப்பிற் படிந்து ஆல்பாத் துகள்களை உமிழ்வதே காரணம் என்பது பின்னர்ப் புலனாயிற்று. மேற்பரப்பைத் தேய்த்து மெருகிட்டபின் அப்பொறிகளும் ஒழிந்தன. வினை ஒருவாறு ஒத்ததென்ற அளவில் நில்லாது, முற்றும் ஒக்கின்றதா என்று வினவியமையே அவரைப் பிழையினின்றும் காத்தது.

இனத்தால் அறிதல்

தனிச்சொல் ஐயந் தருமிடத்து உடன்வந்த சொல் ஐயம் நீக்குவதுபோல, ஒளியோடு உடன்தோன்றும் மற்றொரு குறியும் நமக்குக் கிடைக்குமாயின் தெளிவு பிறக்கும். கிரான் சாஸோவில் கிரெஸ்ட் என்னும் குழுவினர் மேற்கொண்டது இவ்வழியே. அவர்தம் படிகம் கால்சியம் டங்ஸ்டேட்டு என்பது. அதனைத் தனிச்சுழியினும் நூறில் ஓரிரு பாகை மட்டுமே மேற்பட்ட கடுங்குளிரில் நிறுத்துகின்றனர். அக்குளிரில், துகளொன்று மோதுவதால் விளையும் மிக நுண்ணிய வெப்பமும் அளக்கத்தக்கதாகின்றது. மோதலின் ஆற்றலிற் பெரும்பகுதி வெப்பமாதலின், வெப்பக்குறி மோதலின் முழு ஆற்றலை ஏறக்குறைய உள்ளவாறே கூறும். ஒளிக்குறியோ மோதியது யாதென்று கூறும். ஆற்றல் ஒன்றாயிருக்க, எலெக்ட்ரான் தரும் ஒளி நூறாயின், உதைபட்ட ஆக்ஸிஜன் கரு தருவது ஏறத்தாழப் பதினொன்று. கால்சியம் கரு தருவது ஆறு. டங்ஸ்டன் கரு தருவது இரண்டே. முன்கூறிய முறையைப்போற் கூட்டத்தின் சராசரியை நோக்க வேண்டுவதில்லை. ஆற்றல் மிகக் குறையாத அளவில், ஒவ்வொரு பொறியையும் தனித்தனியே பகுக்கலாம். இஃது எத்துணைப் பெரிய வேறுபாடு என்பதை உணர்வார் உணர்வர்.

இனத்தால் அறியும் வகை வேறும் உண்டு. பொட்டாசியத்தின் கதிரியக்கக் கூறு சிதையும்போது, சில வேளைகளிற் படிகத்துள் 3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டளவுள்ள சிறு பொறியொன்றை எழுப்பி, உடனே வலிய காமாக் கதிரொன்றை வெளியே விடுகின்றது. சிறு பொறியை மட்டும் காண்பார் அஃது இருட்பொருளின் செயலோ என்று மயங்குவர். ஆதலின் யாங்யாங்கிற் பின்னர் அமைந்த கோசைன் என்னும் ஆராய்ச்சியிற் படிகங்களைச் சூழ 2,000 லிட்டருக்கு மேற்பட்ட ஒளிர்திரவத்தை நிரப்பினர். வெளியேறிய காமாக் கதிர் அத்திரவத்திற் பொறி எழுப்புமாயின், உடன்தோன்றிய சிறு பொறி பொட்டாசியத்துக்கு உரியதென்று தள்ளிவிடலாம். நியூட்ரானும் இருட்பொருளைப்போல அணுக்கருவையே உதைக்கும் கள்வன். ஆயினும் அது ஒன்றுக்கு மேற்பட்ட படிகங்களை அடுத்தடுத்துத் தாக்கவல்லது. இருட்பொருட் டுகள் இருமுறை மோதும் என்று எதிர்பார்த்தற்கில்லை. எனவே துணையோடு வந்த பொறிகள் விலக்கப்படுகின்றன.

இவ்வழியும் ஏமாற்றத்துக்கு முற்றும் தப்பியதன்று. 2012-ஆம் ஆண்டிற் கிரெஸ்ட் குழுவினர், எதிர்பார்த்த எல்லையுள் 67 நிகழ்ச்சிகளைக் கண்டதாகவும், அறிந்த காரணங்களால் அவற்றை முற்றும் விளக்கவியலவில்லை என்றும் வெளியிட்டனர். கற்றோர் பலர் வியப்புற்றனர். ஆயின் படிகத்தைப் பற்றி நிற்கும் உலோகப் பிடிகளில் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. ஆண்டுப் படிந்த பொலோனியம் சிதையுங்கால், ஆல்பாத் துகள் ஒளியெழுப்பாது பிடியினுட் புதைந்துவிட, மறுபுறம் உதைபட்ட ஈயக் கரு மட்டும் படிகத்திற் புகுந்து சிற்றொளி தரும். துணை இருந்தும் அதனைக் காட்டுங் கருவி ஆண்டு இல்லை. பிற்றைக் கருவிகள் சிலவற்றிற் பிடிகளையும் ஒளிர்படிகத்தாலேயே அமைத்தனர். ஆல்பாத் துகள் எங்குப் போயினும் ஒளி எழுந்தது. 2014-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் வெளிவந்த முடிபுகளில் முன்னைய மிகுதி மீளத் தோன்றவில்லை. தம் முன்னைய குறிப்பைத் தம் புதிய கருவியாலேயே மறுத்த அக்குழுவினரின் நேர்மை போற்றத்தக்கது.

சார்பால் அறிதல்

இனி, பொறியொன்றின் தன்மையை நோக்காது, பொறிகள் எழும் பருவத்தை நோக்குவது மூன்றாம் வழி. நம் ஞாயிறு பால்வீதியில் விநாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவோடு செல்கின்றது. ஆதலின் இருட்பொருள் எதிர்காற்றுப்போல் நம்மேல் வீசும். நிலவுலகமோ ஞாயிற்றை விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் விரைவிற் சுற்றுகின்றது. ஜூன் மாதத் தொடக்கத்தில் அவ்விரு செலவும் ஒரு பக்கம் ஒத்து நிற்றலின் காற்று மிகும். டிசம்பர்த் தொடக்கத்தில் எதிர்நிற்றலின் குறையும். எனவே உண்மைக் குறியாயின், ஆண்டுதோறும் ஜூனில் ஏறி டிசம்பரில் இறங்குதல் வேண்டும்.

டாமா குழுவினர் கிரான் சாஸோவில் முதலில் ஏறத்தாழ 100 கிலோகிராமும், 2003-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 250 கிலோகிராமும் ஆகிய சோடியம் அயோடைடுப் படிகங்களை வைத்து இதனை ஆராய்ந்தனர். 1990-களின் பிற்பகுதியிலேயே அத்தகைய ஏற்றவிறக்கம் காண்கின்றோம் என்றனர். 2018-ஆம் ஆண்டில், பல்லாண்டுக் கணக்கையும் கூட்டி, அது தற்செயலாய் நேர்ந்ததாகக் கொள்ள இடமேயில்லை என்றனர். அவ்வேற்றவிறக்கத்தின் அளவோ மொத்தப் பொறிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. பருவத்தோடு மாறுவன உலகில் வேறும் பல. வெப்பம் மாறும், ரேடான் மாறும், வானக் கதிரும் மாறும். அவற்றுள் எதுவும் காரணமன்று என்று டாமா குழுவினர் வாதித்தனர். வேறு பொருளாற் செய்த கருவிகளுட் பெரும்பாலனவோ அத்தகைய குறி எதனையும் கண்டில.

இவ்வழக்கைத் தீர்த்தற்கு அதே வகைப் படிகத்தை வேறு நாட்டில், வேறு கையால் ஆராய்வதே தக்கதென்று இரு குழுவினர் முன்வந்தனர். 2016-ஆம் ஆண்டிற் கொரியாவில் கோசைனும், 2017-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கான்பிராங்கு மலைச் சுரங்கத்தில் 112 கிலோகிராம் படிகங்களோடு அனாயிஸும் தொழில் தொடங்கின. 2025-ஆம் ஆண்டில் இரண்டும் தத்தம் பல்லாண்டு முடிபுகளை வெளியிட்டன. டாமா கூறிய ஏற்றவிறக்கம் இரண்டிடத்தும் இல்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சியது. அணுக்கருவின் உதைப்பில் ஒளியாகும் பங்கு எல்லாச் சோடியம் அயோடைடுப் படிகங்களிலும் ஒரே அளவினதா என்பதே அது. வேறாயின், ஒப்பீடும் சிறிது வேறுபடும். ஒளியோடு வெப்பத்தையும் அளந்தால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும் அன்றோ? அக்கருத்துடன், சோடியம் அயோடைடையே கடுங்குளிரில் வைத்து இருகுறியும் அளக்கும் கோசினஸ் என்னும் ஆராய்ச்சி கிரான் சாஸோவில் அமைந்தது. மூன்று வழிகளும் ஒன்றற்கொன்று துணையாதல் இதனால் விளங்கும்.

முடிப்பாக ஒன்று கூறுவாம். கோதுமையும் களையும் ஒரு வயலில் விளைந்த உவமையை நம் கல்லூரியிற் பயில்வார் அனைவரும் கேட்டிருப்பர். இளம்பயிராய் நிற்குங்கால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். விரைந்து பிடுங்கும் கை கோதுமையையும் உடன் பறித்துவிடும். இருட்பொருளை நாடுவோர் நிலையும் அதுவே. களையென்று அஞ்சி எல்லாவற்றையும் எறிந்தால் தேடும் பொருளையே இழப்பர். கோதுமையென்று மகிழ்ந்து எல்லாவற்றையும் ஏற்றால் பொய்யைக் களஞ்சியத்திற் சேர்ப்பர். இதுகாறும் அவர்கள் இருட்பொருளைக் கண்டிலர் என்பது உண்மை. ஆயினும் பூல்பியின் விரைந்த பொறிகளையும், கிரெஸ்ட் கண்ட மிகுதியையும் அவற்றின் மெய்க்காரணம் வரை தொடர்ந்து சென்று விலக்கியது வறிதே கழிந்த முயற்சியன்று. பொய் நீங்குந்தோறும் மெய் இருக்கத்தக்க இடம் குறுகுகின்றது. காணவேண்டும் என்னும் வேட்கை யாவர்க்கும் எளிது. கண்டது யாதென்று தெளியும் வரை காத்திருத்தல் அரிது. அவ்வரிய பண்பை இருளில் ஒளிரும் படிகங்களோடு வாழ்நாளைக் கழிப்போரிடத்து நாம் கற்போமாக.